தகவல் புத்தகம் வாசிக்கிறாங்க, புரியல. என்ன பண்ணலாம்?
வணக்கம் டீச்சர்ஸ், நான் நாலாம் வகுப்பு எடுக்கிறேன், கதைன்னா பசங்க ஒரே மூச்சுல முடிச்சிடுறாங்க, ஆனா தகவல் புத்தகம் குடுத்தா சரளமா வாசிச்சிட்டு என்ன புரிஞ்சுதுன்னு கேட்டா முழிக்கிறாங்க. நேத்து திமிங்கிலம் பத்தி படிச்சோம், அது பாலூட்டி, நுரையீரலாலதான் சுவாசிக்கும்னு ஒரு பொண்ணு கணீர்னு வாசிச்சா, அப்போ அது மீனான்னு கேட்டதும் ஆமா டீச்சர் தண்ணிலதானே இருக்குங்கிறா. மனசே கேக்கல. படத்துக்குக் கீழ இருக்கிற குறிப்பையும் யாரும் பாக்குறதில்ல. உனக்கு என்ன தெரியும், என்ன தெரிஞ்சுக்கணும்னு முன்னாடியே போர்டுல எழுத வெச்சுப் பாத்தேன், நல்லா பேசுறாங்க, ஆனா பாலூட்டி மாதிரி வார்த்தை வந்ததும் அங்கேயே நின்னுடுறாங்க. இந்த வார்த்தைங்களை முதல்லயே சொல்லிக் குடுத்துடலாமா இல்ல படிக்கும்போது அவங்களே யோசிக்கட்டும்னு விடலாமா? 30 பேர் இருக்கிற கிளாஸ்ல செஞ்சு பாத்தவங்க விவரமா சொல்லுங்க ப்ளீஸ்.