தலைகீழ் வகுப்பா, முற்பயில் வகுப்பா?

அவையோருக்கு வணக்கம்.

காணொளிப் பாடம் தயாரிக்க ஆசிரியர்களுக்குக் கற்றுக்கொடுக்கும் பயிற்சிக் கையேடு ஒன்றைத் தமிழாக்கம் செய்துகொண்டிருக்கிறேன். வரும் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. பாட விளக்கத்தை மாணவர் வீட்டிலேயே காணொளியில் பார்த்துவிட்டு வருவதும், வழக்கமாக வீட்டுக்குக் கொடுக்கும் கணக்கையும் பயிற்சியையும் வகுப்பில் ஆசிரியரின் கண்முன்னே செய்வதுமான 'ஃபிளிப்டு கிளாஸ்ரூம்' முறையைப் பற்றியது அது. நான் 'தலைகீழ் வகுப்பறை' என்று எழுதியிருந்தேன். கைப்படியைப் படித்த ஆசிரியை ஒருவர், "வகுப்பறை தலைகீழாகிவிட்டது என்றால் ஒழுங்கு கெட்டுவிட்டது என்றல்லவா பெற்றோர் நினைப்பார்கள்?" என்று கேட்டார். அதற்கு என்னிடம் விடை இல்லை. தலைப்பிலும், உள்ளே பக்கத்துக்குப் பக்கமும் வரும் சொல் என்பதால் அவையோரின் துணையை நாடுகிறேன்.
– சு.

சு. அம்மையாருக்கு,

'தலைகீழ்' என்பது விளைந்த நிலையைச் சொல்கிறதே அன்றி, செய்த செயலைச் சொல்லவில்லை. நமக்கு வேண்டியது பிறவினை. உருள் – உருட்டு, திரள் – திரட்டு, மருள் – மருட்டு என்ற வரிசையில் புரள் – புரட்டு நிற்கிறது; ஆகவே 'புரட்டு வகுப்பு' என்ற வினைத்தொகை இலக்கணத்துக்கு முற்றும் பொருந்தும். பித்தலாட்டம் என்ற பொருளும் அச்சொல்லுக்கு உண்டு என்று யாரேனும் தடுப்பார்கள் என்பதால் இன்னொன்றையும் முன்வைக்கிறேன். 'மறிதல்' என்றால் கீழ்மேலாதல், திரும்புதல். 'மறிவகுப்பு' என்று சுருக்கமாகவும் செறிவாகவும் சொல்லிவிடலாம். 'தலைகீழ் வகுப்பறை' என்பதில் எட்டு எழுத்துக்கு மேல் போகும் பருமன் இதில் இல்லை.
– கோ.

கோ. ஐயா அவர்களுக்கு,

ஆடு, குதிரை, மான் ஆகியவற்றின் குட்டியை 'மறி' என்று தொல்காப்பிய மரபியல் சொல்வது தங்களுக்குத் தெரியாததல்ல. இன்றைய வாசகருக்கோ 'மறி' என்றதும் மறியல்தான் நினைவுக்கு வரும். மாணவர்கள் வகுப்பை மறித்து வாயிலில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பொருள் கொள்ளும் அபாயம், தலைகீழ் என்பதில் உள்ள அபாயத்தைவிடக் கூடுதல். 'புரட்டு' பற்றித் தாங்களே சொல்லிவிட்டீர்கள். புரட்டு வகுப்புக்கு எந்தப் பெற்றோர் பிள்ளையை அனுப்புவார்?
– நா.

அவையோருக்கு,

ஆசிரியர்களுக்கு இந்தப் பயிற்சியை அளிப்பவன் என்ற முறையில் சற்று நீளமாக எழுத நேர்வதைப் பொறுத்துக்கொள்ளவும்.

மூலச்சொல்லே ஒரே நாளில் நிலைபெற்றதன்று. 2000-இல் பொருளியல் ஆசிரியர்கள் மூவர் இம்முறையை விவரித்தபோது கவிழ்த்தல், தலைகீழாக்கல் என்ற பொருளுள்ள 'இன்வெர்ட்' என்ற சொல்லையே கையாண்டார்கள். அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் ஜோனதன் பெர்க்மன், ஆரன் சாம்ஸ் என்ற வேதியியல் ஆசிரியர் இருவர், வகுப்புக்கு வர இயலாத மாணவருக்காக 2007-இல் பாடங்களைப் பதிவுசெய்யத் தொடங்கிய பிறகுதான் 'ஃபிளிப்' என்ற சொல் பரவியது. ஆகவே மூலத்தின் உருவகத்தை அப்படியே பெயர்த்துவர வேண்டிய கட்டாயம் நமக்கு இல்லை.

என் கவலை வேறு. 'தலைகீழ்' என்று கேட்ட ஆசிரியர், வகுப்பில் 40 நிமிடம் பேசியதை வீட்டுக்கு 40 நிமிடக் காணொளியாக அனுப்பிவிட்டால் வேலை முடிந்தது என்று எண்ணிவிடுகிறார். இணையவழிப் பாடங்களை வழங்கும் எடெக்ஸ் தளத்தில் ஏறத்தாழ 69 லட்சம் பார்வை அமர்வுகளை ஆராய்ந்து 2014-இல் வெளியான கட்டுரை, காணொளி எவ்வளவு நீளமாக இருந்தாலும் மாணவர் ஈடுபட்டுப் பார்க்கும் இடைநிலை நேரம் ஆறு நிமிடத்தைத் தாண்டுவதில்லை என்று காட்டியது. பயிற்சியில் நான் அடிக்கடி காண்பது இதுதான்: வேதியியலின் மோல் கருத்தைப் பற்றிய படவில்லை (ஸ்லைடு) ஒன்றில் பதினான்கு வரிகளை நிரப்பிவைத்து, ஆசிரியர் அவற்றை ஒரு சொல் விடாமல் உரக்கப் படிக்கிறார்; சுட்டுக்குறி திரையின் ஓரத்தில் அசையாமல் நிற்கிறது. திரையில் உள்ள எழுத்தையே குரலும் திருப்பிச் சொன்னால் கற்றல் மட்டுப்படும் என்பது கல்வி உளவியலாளர் ரிச்சர்டு மேயரின் ஆய்வுகள் வழியே நிறுவப்பட்ட ஒன்று. அதே ஆசிரியரிடம் எழுத்தை எல்லாம் அழித்துவிட்டு, வெற்றுத் திரையில் கணக்கை எழுதிக்கொண்டே பேசச் சொன்னால், குரலே மாறிவிடுகிறது. அடுத்த படிக்குப் போகுமுன் தாமாகவே ஒரு கணம் நிறுத்துகிறார்.

இதைவிடக் கடினமான பகுதி காணொளிக்கு வெளியே இருக்கிறது. மிஞ்சிய வகுப்பு நேரத்தில் மாணவர் என்ன செய்யப்போகிறார், பார்க்காமல் வந்தவரை எப்படி அரவணைப்பது, பார்த்து வந்தவர் எங்கே தடுக்கினார் என்பதை முதல் ஐந்து நிமிடத்தில் எப்படி அறிவது என்பவற்றுக்குத்தான் பயிற்சியில் பாதிக்கு மேல் தேவைப்படுகிறது. எனவே புரட்டியதைச் சொல்லாமல், முன்னதாகப் பயின்று வருவதைச் சொல்லும் 'முற்பயில் வகுப்பு' என்ற சொல்லைப் பரிந்துரைக்கிறேன். சொல்லைக் கேட்டதும் 'பயின்று வந்த பிறகு என்ன?' என்ற கேள்வி ஆசிரியர் மனத்தில் எழ வேண்டும்.
– த.

த. அவர்களுக்கு,

கருத்து நன்று, புணர்ச்சி ஐயத்துக்குரியது. முன் + பகல் 'முற்பகல்' ஆனது உண்மை. ஆனால் முன் + பனி 'முன்பனி' என்றே நிற்கிறது. பேச்சில் 'முன்பதிவு', 'முன்பணம்' என்று இயல்பாகச் சொல்லும் ஆசிரியர்கள் 'முன்பயில்' என்பதைத் தயங்காமல் ஏற்பார்கள். 'முற்பயில்' என்றால் 'முற்போக்கு' போல ஏதோ ஒரு கொள்கை என்று எண்ணுவார்கள்.

ஆழமான தடை இன்னொன்று. நாளைய பாடத்தை இன்றே படித்துவரச் சொல்லும் வழக்கம் காணொளிக்கு மிக முந்தியது. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் இயற்பியல் பேராசிரியர் எரிக் மசூர் 1990-களில் மாணவரை முன்கூட்டிப் படித்துவரச் செய்து, வகுப்பு நேரத்தைச் சக மாணவர் உரையாடலுக்கு ஒதுக்கினார். முற்பயில் என்ற சொல் இவை அனைத்தையும் அணைத்துக்கொள்ளும். அப்படியானால் இந்தக் கையேடு கற்பிக்கும் தனிமுறைக்குப் பெயர் எங்கே?

போகிறபோக்கில்: கைப்படியில் 'காணொளி' என்று இருக்கிறது. ஓசையும் சேர்ந்த பொருளுக்கு 'காணொலி' அல்லவா பொருத்தம்?
– நா.

நா. அவர்களுக்கு,

காணொளி–காணொலிச் சண்டையை இந்த இழையில் தயைகூர்ந்து தொடங்காதீர்கள். 'வீடியோ' என்றே எழுதிவிடலாம் என்று ஒருவர் சொல்வார், 'விழியம்' என்று மற்றொருவர் வருவார், வெள்ளிக்கிழமையும் வந்துவிடும்.

தாங்கள் தடையாகச் சொன்னதை நான் பெருமையாகவே காண்கிறேன். ஒருமுறைக்கு இருமுறை கேட்பவன் நூலில் பெரிதும் பிழைபடமாட்டான் என்கிறது நன்னூல். "முக்கால் கேட்பின் முறையறிந்து உரைக்கும்" என்று மேலும் சொல்கிறது. வகுப்பில் ஆசிரியரை மூன்று முறை சொல்லச் சொல்ல எந்த மாணவருக்குத் துணிவு வரும்? காணொளியைப் பின்னோட்டிக் கேட்க யாரிடமும் அனுமதி வேண்டியதில்லை. ஆசான் சொன்னதை நன்றாகக் கொண்டாலும் காற்பங்குதான் கைவரும், உடன்பயில்வோரோடு பழகுவதில் இன்னொரு காற்பங்கு வரும், பிறர்க்கு உரைப்பதில் எஞ்சிய பாதி வரும் என்றும் அதே நூல் பங்கு பிரிக்கிறது. காற்பங்குக்குரிய பகுதியை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, முக்காற்பங்கை வகுப்புக்கு வைத்துக்கொள்வதுதான் த. அவர்களின் பயிற்சி. இந்தப் பங்கீட்டைத் தாங்கும் சொல் 'பயில்' என்ற வேரில்தான் பிறக்க முடியும். 'புரட்டு', 'மறி' இரண்டையும் திரும்பப் பெறவில்லை. ஆயினும் முற்பயிலை எதிர்க்கமாட்டேன். றகரத்தோடு என்றால் மட்டும்.
– கோ.

கோ. ஐயா,

நன்னூலார் காணொளியைக் கண்டதில்லை என்பதை மட்டும் பணிவோடு குறிப்பிடுகிறேன். அவர் சொன்ன 'கேட்டல்' ஆசானின் முகம் பார்த்துக் கேட்பது. முகம் வாடினால் ஆசான் வேறு சொல்லில் சொல்வார். பதிவு செய்த குரல் அதைச் செய்யாது. அதனால்தான் இடையிடையே கேள்வி எழுப்பி நிற்கும் காணொளிகளை ஆசிரியர்கள் உருவாக்கப் பழகுகிறார்கள். வேரைத் தோண்டுவதில் எனக்கும் விருப்பம் உண்டு. "மொழிப்பொருட் காரணம் விழிப்பத் தோன்றா" என்று, சொல்லுக்கு அப்பொருள் வந்த காரணம் வெளிப்படத் தோன்றாது எனத் தொல்காப்பியம் சொல்வதையும் நாம்தான் படித்திருக்கிறோம்.
– நா.

அனைவருக்கும் நன்றி.

அச்சகம் காத்திருப்பதால் இவ்வாறு செய்கிறேன். தேடுவோர் கண்ணில் படும் பொருட்டு அட்டையில் 'தலைகீழ் வகுப்பறை' என்றே இருக்கும். ஆசிரியையின் கேள்விக்கு முன்னுரையில் விளக்கம் தருவேன். உள்ளே, மாணவர் வீட்டில் செய்யும் பகுதியை 'முற்பயில்வு' என்றும், வகுப்பில் நடக்கும் பகுதியை 'உடன்பயில்வு' என்றும் பிரித்து எழுதுகிறேன். இரண்டுக்கும் தனித்தனிப் பெயர் கிடைத்ததும் பயிற்சி அட்டவணையை மொழிபெயர்ப்பது எளிதாகிவிட்டது. தனிமடலில் எழுதியவர்களையும் சேர்த்துப் பெரும்பாலோர் இதற்கு இசைந்துள்ளார்கள்.
– சு.

சு. அம்மையாருக்கு,

ஒரே முறைக்கு அட்டையில் ஒரு பெயரும் உள்ளே இரண்டு பெயரும் இருந்தால், பயிற்சிக்கு வரும் ஆசிரியர் மூன்று முறைகள் என்றே எண்ணுவார். 'உடன்பயில்வு' நல்ல சொல், அதை ஏற்கிறேன். 'முற்பயில்வு' பற்றிய என் மறுப்பை இழையில் பதிந்துவைக்கிறேன். இரண்டாம் பதிப்புக்கேனும் றகரத்தை எடுத்துவிட்டு னகரத்தை இடுங்கள்.
– நா.