புதுப்பிப்பு: ஓர்சே அருங்காட்சியகக் கடிகாரச் சன்னல்

பாரிஸ் ஓர்சேயின் ஐந்தாம் தளக் கடிகாரச் சன்னலில் (பெரிய கண்ணாடிக் கடிகார முகப்பே அங்கே சன்னல்) படம் எடுத்தால் ஆள் கருப்பாக விழுகிறது என்று முந்தைய பதிவில் பலர் கேட்டிருந்தீர்கள். வெளிச்சம் முழுக்கப் பின்னாலிருந்து வருவதுதான் காரணம். போன் திரையில் வானத்தைத் தொட்டு வெளிச்சத்தைக் குறைத்து, ஆளை நிழலுருவாகவே எடுங்கள், அதுதான் அழகு. சன்னல் வழியே தெரியும் சேன் நதி, லூவர் அருங்காட்சியகம், மோன்மார்த்ர் குன்றின் தேவாலயம் மட்டும் வேண்டுமானால் லென்ஸைக் கண்ணாடியோடு ஒட்டிப் பிடியுங்கள், பிரதிபலிப்பு வராது. சன்னல் வடக்கு பார்த்தது, நேர்வெயில் கூசாது.

திறந்ததும் நேரே ஐந்தாம் தளம் போய்விடுங்கள். மோனே, ரெனுவார் ஓவியங்களும் அங்கேதான். கீழ்த்தளங்களைப் பிறகு பார்க்கலாம்.

வியாழன் இரவு 9.45 வரை உண்டு. நகர விளக்குகளுக்குக் குளிர்காலமே சரி. ஜூனில் மூடும்வரை இருட்டாது. திங்கள் விடுமுறை.