வின்த்ராப் 1630, ஓசல்லிவன் 1845: நேர்கோடு போடலாமா?

கேள்வி: கட்டுரைக்காகக் கேட்கிறேன். வின்த்ராப்பின் 1630 ‘மலைமேல் நகரம்’ உரையிலிருந்துதான் அமெரிக்காவின் ‘தெய்வம் விதித்த விரிவாக்கம்’ (Manifest Destiny: கண்டம் முழுக்கப் பரவுவது கடவுள் தந்த உரிமை என்ற எண்ணம்) பிறந்தது என்று எழுதலாமா?

பதில் 1: அப்படியே எழுதினால் அடி வாங்கும். மாசசூசெட்ஸில் குடியேறியவர்களின் தலைவரான ஜான் வின்த்ராப் அதில் சொன்னது பெருமையல்ல, எச்சரிக்கை: கடவுளோடு உடன்படிக்கை செய்திருக்கிறோம், மீறினால் உலகமே பார்க்க அழிவோம். அந்த உரை அச்சேறியதே 1838-ல்தான். இரண்டு நூற்றாண்டு கைப்பிரதியாகக் கிடந்தது எப்படி ஒரு தேசத்தின் கொள்கையை வளர்த்திருக்கும்? அதைப் பிரபலமாக்கியவர்கள் கென்னடியும் (1961) ரீகனும்.

பதில் 2: உரை வேறு, கருத்து வேறு. ‘தேர்ந்தெடுக்கப்பட்ட மக்கள்’ என்ற எண்ணம் நியூ இங்கிலாந்துப் (மாசசூசெட்ஸ் உள்ளிட்ட வடகிழக்குப் பகுதி) பிரசங்கங்களில் தொடர்ந்து ஓடியது. அந்த வழியாகக் கோடு போடுங்கள். ஆனால் 1845-ல் பத்திரிகையாளர் ஓசல்லிவன் ‘தெய்வம் விதித்த விரிவாக்கம்’ என்று எழுதியது டெக்சஸை அமெரிக்காவோடு இணைப்பதற்கு ஆதரவாக. அங்கே ‘மீறினால் அழிவோம்’ என்ற நிபந்தனை போய்விட்டது, உரிமை மட்டும் மிச்சம். நிலப்பசியையும் இனவாதத்தையும் விட்டுவிட்டு எழுதினால் கட்டுரை பாதிதான்.

பதில் 3: இன்னொன்று. நிலத்தை விரிவாக்க அமெரிக்கா நடத்திய மெக்சிகோ போருக்கு (1846–48) பலத்த எதிர்ப்பு வந்த இடங்களில் வின்த்ராப் போன்ற பியூரிட்டன்களின் (இங்கிலாந்துத் திருச்சபையைச் சீர்திருத்த நினைத்த புராட்டஸ்டண்டுகள்) சொந்த மண்ணான மாசசூசெட்ஸும் ஒன்று. நேர்கோட்டுக்காரர்கள் இதைத் தொடவே மாட்டார்கள். 1620-ல் பிளிமத்தில் குடியேறிய குழுவையும் வின்த்ராப் குழுவோடு குழப்பாதீர்கள். பிளிமத் குழுவினர் இங்கிலாந்துத் திருச்சபையை விட்டே பிரிந்தவர்கள்.