மிளகுப்புள்ளி போயிற்றா, பின்சுவர் மறைத்ததா?

கருங்கண்ணாடி:
வீட்டுத் தொட்டியிலேயே மூன்று தலைமுறைகளில் மிளகுப்புள்ளி அறவே இல்லாத சிவப்பு டிஸ்கஸ் மீன் வம்சத்தை நிலைநிறுத்திவிட்டதாகச் செவ்வட்டம் நேற்று இம்மன்றத்தின் வேறோர் உரையாடல் இழையில் அறிவித்து, படமும் இட்டிருந்தார். அதைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மீனின் வாலுக்குப் பின்னே தொட்டியின் பின்சுவரும் அடித்தளமும் பால்வெள்ளையாகத் தெரிகின்றன. பிஜியன் பிளட் என்ற வளர்ப்பு வகையின் வழிவந்த இத்தகைய சிவப்பு மீன்களின் தோலில் கருநிறமி உயிரணுக்கள் சிதறிக் கிடக்கும் என்பதும், சுற்றுப்புறம் இருண்டால் நிறமி விரிந்து மிளகைத் தூவியது போலத் தோன்றும் என்பதும், வெளிர்ந்தால் அதுவே சுருங்கிக் கண்ணுக்குத் தட்டுப்படாமல் போகும் என்பதும் டிஸ்கஸ் வளர்க்கும் எவருக்கும் தெரிந்தவை. எனவே கேட்கிறேன்: அந்த மீனைக் கறுப்புப் பின்சுவர் உள்ள தொட்டியில் ஒரு மாதம் விட்டுப் பார்த்தீர்களா?

செவ்வட்டம்:
படத்தில் மீனை விட்டுவிட்டுச் சுவரைப் பார்க்கும் கண்ணுக்கு என் வணக்கம். ஒவ்வொரு முறை பொரித்த குஞ்சுகளிலும் தூய்மையான பத்துப் பன்னிரண்டை மட்டும் நிறுத்திக்கொண்டு, மற்றவற்றை ஒதுக்கி, உடன்பிறந்தவற்றை இணைசேர்த்து, அடுத்த முறை தாயோடே திரும்பச் சேர்த்து உழைத்தவன் நான். வெள்ளைத் தொட்டிக்கும் காரணம் உண்டு. மற்ற டிஸ்கஸ்கள் குஞ்சு பேணும் காலத்தில் உடலைக் கறுக்கச் செய்துகொள்ளும்; குஞ்சுகள் அந்தக் கருமையைத் தேடிச் சென்று தோலில் சுரக்கும் சளியை உண்ணும். பிஜியன் பிளட் மீனால் அவ்வாறு கறுக்க இயலாது. இருண்ட தொட்டியில் குஞ்சுகள் தாயை விட்டுச் சுவரை மொய்த்துப் பட்டினியால் மடியும். இதை அறியாதவர் எனக்குப் பாடம் நடத்த வேண்டாம்.

கருங்கண்ணாடி:
அருமையான விளக்கம். ஆனால் படத்தில் இருப்பது கையகலத்துக்கு வளர்ந்த ஒற்றை மீன். அதன் விலாவில் ஒரு குஞ்சைக்கூட நான் காணவில்லை. குஞ்சே இல்லாத மீனுக்கு வெள்ளைச் சுவர் எதற்கு?

நன்னீர்:
இருவரிடமும் பணிவாக ஒன்று கேட்கலாமா? ‘நிலைநிறுத்துவது’ என்று எதைச் சொல்கிறீர்கள்? குஞ்சுகளில் எத்தனை விழுக்காடு புள்ளியின்றி வந்தால் அதை வம்சம் எனலாம்? இதை முதலில் வரையறுத்துக்கொண்டால் பேச்சு எளிதாகும்.

கூம்பு:
சுவர் இருக்கட்டும், அந்தச் சிவப்பைப் பற்றி ஏன் யாரும் வாய்திறக்கவில்லை? இறால் வகைத் தீவனத்தில் உள்ள அஸ்டாசாந்தின் என்ற செந்நிறமியை இரண்டு மாதம் ஊட்டினால் மங்கலான மீனும் செங்கல் நிறத்துக்கு ஏறிவிடும். தீவனத்தை நிறுத்தினால் நிறமும் இறங்கும். நிறம் வம்சத்தில் இருக்கிறதா, டப்பாவில் இருக்கிறதா?

செவ்வட்டம்:
தீவனம் இருக்கும் சிவப்பை எடுத்துக்காட்டுமே அன்றி, மரபில் இல்லாததைப் படைத்துவிடாது. ஹெக்கல் என்ற காட்டு டிஸ்கஸ் மீனுக்கு ஆண்டு முழுதும் இறாலையே ஊட்டிப் பாருங்கள், சிவந்துவிடுகிறதா என்று.

ஆற்றுமீன்:
ஹெக்கலை இதில் இழுக்க வேண்டாம். 1840இல் அறிவியல் பெயர் பெற்ற அமேசான் படுகை மீன் அது. ஐந்தாம் கருங்கோடு அகன்று நிற்கும் அந்த அழகுக்கு முன்னால், 1990களின் தொடக்கத்தில் தாய்லாந்தில் தோன்றிய உங்கள் செந்தட்டுகள் வெறும் வண்ணக் காகிதம். காட்டு டிஸ்கஸ் அச்சமுற்றால் ஒன்பது கோடுகளும் கறுத்து எழும். வளர்ப்பவருக்கு அது ஓர் எச்சரிக்கை. கோடுகளையே அழித்த மீன் நோயுற்றால் எதைக் கொண்டு அறிவீர்கள்?

செவ்வட்டம்:
இரை உண்பதைக் கொண்டும், கழிவின் நிறத்தைக் கொண்டும் அறிவேன். தங்கள் ஹெக்கல் இத்தனை ஆண்டுகளில் ஒரு முட்டையாவது இட்டதுண்டா ஐயா?

ஆற்றுமீன்:
முட்டையிடாதது மீனின் குற்றமன்று. மென்மையான அமில நீரில் வாழப் பிறந்ததைக் குழாய்த் தண்ணீரில் வைத்துக் கேலி பேசுவோரின் குற்றம் அது.

கருங்கண்ணாடி:
ஹெக்கல் முட்டையிட்டாலும் இடாவிட்டாலும் அந்தப் பின்சுவர் வெள்ளையாகவே இருக்கிறது. இன்னொரு கணக்கும் இடிக்கிறது. டிஸ்கஸ் பருவமடைய ஏறக்குறைய ஓராண்டு ஆகும். மூன்று தலைமுறை என்றால் மூன்றாண்டுகளுக்குக் குறையாது. செவ்வட்டமோ இரண்டாண்டுகளுக்கு முன்னர் இதே இடத்தில், முதன்முதலாக வாங்கிய இணை தன் முட்டையைத் தானே தின்கிறது என்று கண்ணீர் வடித்தவர். அன்று முட்டைகளைச் சுற்றிக் கம்பிவலை வையுங்கள் என்று வழி சொன்னவன் நான். அதற்கு ஒரு நன்றிச் சொல்லும் இன்றுவரை வரவில்லை.

செவ்வட்டம்:
வாங்கிய இணையே முதல் தலைமுறை. கம்பிவலை யோசனையைத் தாங்கள் சொல்வதற்கு முன்பே நான் அறிவேன்.

நன்னீர்:
வாங்கிய இணையைக் கணக்கில் சேர்ப்பது பொருந்துமா என்பதற்காகவே வரையறை கேட்டேன்.

கூம்பு:
முட்டை பொரிய இரண்டரை நாள், குஞ்சு நீந்த மேலும் சில நாள், சிவப்பு ஏற ஒரு டப்பா. கணக்கு சரியாகத்தான் வருகிறது.

கருங்கண்ணாடி:
நண்பர் கூம்பு டப்பாவைப் பிடித்துக்கொண்டு பேச்சைத் திசைதிருப்புகிறார். சிவப்பு எங்கிருந்து வந்தது என்பதில் எனக்கு அக்கறையில்லை. கறுப்பு எங்கே போனது என்பதைத்தான் நான்காம் முறையாகக் கேட்கிறேன். நானும் ஒரு காலத்தில் வெள்ளைத் தொட்டியில் தூய்மையாகத் தெரிந்த ஆறு குஞ்சுகளைப் பொறுக்கி எடுத்துப் பெருமையோடு இருண்ட செடித்தொட்டிக்கு மாற்றினேன். மூன்றாம் வாரம் கன்னத்திலும் துடுப்போரத்திலும் புள்ளிகள் கிளம்பின. ஒன்று மட்டுமே தேறியது. அந்த ஒன்றையே தாயாக வைத்துக்கொண்டேன். தேர்வு என்பதன் பொருள் அதுதான். வெள்ளைச் சுவரின் முன் எல்லா மீனும் தேறிவிடும்.

செவ்வட்டம்:
தங்களுக்கு ஆறில் ஒன்று தேறியது தங்கள் கைராசி. இதோ புதிய படம், பின்சுவரை மாற்றியே எடுத்திருக்கிறேன். இனியாவது வாயடைத்துப் போவீர்கள் என்று நம்புகிறேன்.

கருங்கண்ணாடி:
பார்த்தேன். பின்சுவரில் ஒட்டியிருக்கும் தாள் வெளிர்நீலம். ஒரு மூலை இன்னும் சரியாக ஒட்டவில்லை, சற்று முன்னர்தான் ஒட்டியிருப்பீர்கள் போலும். நான் கேட்டது கறுப்பு. கேட்டது ஒரு மாதம். அடித்தளம் இப்போதும் வெள்ளை.