வெள்ளைக்கார நண்பருக்கு இதை எப்படிச் சொல்வது?

பார்சிப்பனிக்காரன்:
நியூஜெர்சிக்கு வந்து பதினாலு வருடம் ஆகிறது. அலுவலகத்தில் எனக்கு ரொம்ப நெருக்கமானவர் ஒரு வெள்ளைக்காரர். மேற்கு வர்ஜீனியாவில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளியின் மகன், அரசாங்க உணவுக் கூப்பனில் வளர்ந்தவர், தங்கமான மனிதர். போன வாரம் சாப்பாட்டு மேஜையில் யாரோ 'ஒயிட் ப்ரிவிலேஜ்' (வெள்ளையராக இருப்பதாலேயே கேட்காமல் கிடைக்கிற சலுகை) என்று ஆரம்பித்ததும் அவர் முகம் சிவந்துவிட்டது. "எனக்கு யார் என்ன சலுகை கொடுத்தார்கள்? என் அப்பா நுரையீரல் கெட்டுச் செத்தார்" என்றார். எனக்குப் பதில் வரவில்லை. அவர் சொன்னதிலும் பொய் இல்லையே.

அன்றைக்குச் சாயங்காலமே இருவரும் ஒரு ஹார்டுவேர் கடைக்குப் போனோம். பில் வேண்டுமா என்று கேட்ட பெண்ணுக்கு வேண்டாம் என்று கையை ஆட்டிவிட்டு, வாங்கியதை ஜாக்கெட் பைக்குள் போட்டுக்கொண்டு அவர்பாட்டுக்கு நடந்தார். நானோ இரண்டு டாலர் ஆணிப் பொட்டலத்துக்கு பில் வாங்கி, கார்க் கதவைத் திறக்கிற வரைக்கும் அதை வெளியே தெரிகிற மாதிரி கையில் பிடித்திருந்தேன். என்னை யாரும் இதுவரை நிறுத்தியதில்லை, இப்படிச் செய் என்று சொல்லித் தந்ததும் இல்லை. இந்தப் பழக்கம் எப்போது ஒட்டிக்கொண்டது என்றே தெரியவில்லை. இந்த மாதிரி சின்னச் சின்ன விஷயங்கள் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். தத்துவம் வேண்டாம், அது என்னிடமே நிறைய இருக்கிறது.

இரவு ஷிப்ட்:
ஐசியூ நர்ஸ் நான், எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். விரலில் மாட்டுகிற பல்ஸ் ஆக்சிமீட்டர் தோல் வழியாக ஒளியைச் செலுத்தித்தான் ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்று கணக்குப் போடுகிறது, தோலின் கருநிறமி அந்தக் கணக்கைக் கொஞ்சம் குழப்பிவிடும். 2020 டிசம்பரில் மிச்சிகன் பல்கலைக்கழக மருத்துவர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். கருவி 92 முதல் 96 வரை காட்டுகிறது, ஆனால் தமனி ரத்தத்தை எடுத்துச் சோதித்தால் 88-க்கும் கீழே இருக்கிறது. அப்படி 92 முதல் 96 வரை காட்டிய அளவீடுகளில் இந்த ஏமாற்று எண் வெள்ளையருக்கு 3.6 சதவீதம், கறுப்பினத்தவருக்கு 11.7 சதவீதம். கோவிட் உச்சத்தில் இருந்த நேரம் அது. "94 இருக்கு, பரவாயில்லை" என்று எத்தனை படுக்கையைத் தாண்டிப் போயிருப்பேன் என்று நினைத்தால் இப்போதும் வயிற்றைப் பிசைகிறது.

வெள்ளைக்கார நோயாளிக்கு யாரும் எதையும் தூக்கிக் கொடுக்கவில்லை. விரலை நீட்டுகிறார், பெரும்பாலும் சரியான எண் வருகிறது. இதில் யோசிக்க அவருக்கு என்ன இருக்கிறது?

மதுரைவீரன்_ஹூஸ்டன்:
எனக்கு இந்தப் பேச்சே எரிச்சல். சுரங்கத்தில் செத்தவரின் பிள்ளையிடம் போய் நீ கொடுத்து வைத்தவன் என்று சொல்ல ஒரு மனசு வேண்டும். நமக்கு என்ன குறைச்சல்? அந்த ஊர்க்காரர்களைவிட நல்ல சம்பளம், சொந்த வீடு. நம் பெயரை நாலு பேர் தப்பாகச் சொல்கிறார்கள், அதுவா பெரிய கொடுமை?

கடைசி பெஞ்ச்:
@மதுரைவீரன்_ஹூஸ்டன் அண்ணா, பணத்தில் அவர் கீழே இருக்கிறார், மறுக்கவில்லை. ஆனால் பெயர் என்று லேசாகச் சொல்லிவிட்டீர்களே. செந்தில் முல்லைநாதன், தமிழ்நாட்டில் பிறந்து சின்ன வயதிலேயே அமெரிக்கா போன பொருளாதார அறிஞர், மரியான் பெர்ட்ராண்டுடன் சேர்ந்து 2004-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார். பாஸ்டன், சிகாகோ நாளிதழ்களில் வந்த வேலை விளம்பரங்களுக்கு கிட்டத்தட்ட 5000 கற்பனை விண்ணப்பங்களை அனுப்பினார்கள். தகுதியில் ஏற்றத்தாழ்வு வராமல் பார்த்துக்கொண்டு பெயரை மட்டும் மாற்றினார்கள். எமிலி, கிரெக் மாதிரி வெள்ளையர் பெயர் என்றால் பத்து விண்ணப்பத்துக்கு ஓர் அழைப்பு. லகீஷா, ஜமால் மாதிரி கறுப்பினத்தவர் பெயர் என்றால் பதினைந்துக்கு ஒன்று. நிஜத்தில் வேலை வாங்கிய ஓர் எமிலியிடம் கேட்டால் கஷ்டப்பட்டுத்தான் வாங்கினேன் என்பாள். சரிதான், கஷ்டப்பட்டுத்தான் வாங்கியிருப்பாள். லகீஷா கூடுதலாக அனுப்பிய அந்த ஐந்து கடிதம் அவள் கண்ணில் படவே படாது.

மதுரைவீரன்_ஹூஸ்டன்:
அது கறுப்பினத்தவர் பெயர் தம்பி. நம் பெயர் அதில் இல்லை.

கடைசி பெஞ்ச்:
ஆமாம், இல்லை. அவர்கள் பட்டதை நாம் பட்டதாகச் சொல்லிக்கொள்ளவும் கூடாது, ஒத்துக்கொள்கிறேன்.

செல்லக்கிளி:
ஆய்வைக் காட்டினால் உங்கள் நண்பர் மேலும் முறைத்துக்கொள்வார். பெக்கி மெக்கின்டாஷ் என்று ஒரு வெள்ளைக்காரப் பெண், வெல்லஸ்லி கல்லூரியில் இருந்தவர், 1988-ல் தன் அன்றாட வாழ்க்கையைத் துருவி 46 விஷயங்களை எழுதி வைத்தார். தோல் நிறம் என்று விற்கிற பிளாஸ்திரி தன் தோலோடு கிட்டத்தட்ட ஒத்துப்போவதும் அதில் ஒன்று. இதெல்லாம் அவருக்கு எங்கிருந்து தோன்றியது தெரியுமா? பெண்களுக்குக் குறை இருக்கிறது என்று ஒத்துக்கொள்கிற ஆண்கள், தங்களுக்கு அதிகம் கிடைக்கிறது என்பதை மட்டும் ஒத்துக்கொள்ளாததைப் பார்த்து. க்ரேயோலா கிரேயான் பெட்டியில் 'சதை நிறம்' என்று இருந்ததை 1962-ல்தான் 'பீச்' (பீச் பழத்தின் நிறம்) என்று மாற்றினார்கள். யாருடைய சதை?

அப்புறம் ஒன்று, "எங்க வீட்ல சாதியே பார்த்ததில்லை" என்று நானும் ப்ளஸ் டூ வரைக்கும் சொல்லிக்கொண்டு திரிந்தவள்தான். அதனால் உங்கள் நண்பர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை.

பார்சிப்பனிக்காரன்:
எல்லாருக்கும் நன்றி. நேற்று ஆய்வு, கருவி எதையும் எடுக்கவில்லை. பில் கதையை மட்டும் சொன்னேன். "என்கூட வரும்போதுமா?" என்றார். ஆமாம் என்றேன். கொஞ்ச நேரம் காபிக் கோப்பையின் மூடியைத் திருகிக்கொண்டே இருந்தார். அப்புறம் மறுபடி தன் அப்பாவைப் பற்றிப் பேச ஆரம்பித்தார், நான் குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தேன்.