மறு: தலைமறைவு இயக்கத்தின் ‘செல்’ – ‘கணு’ என்று சொல்லலாமா?

அன்புள்ள குழும நண்பர்களுக்கு,

வணக்கம். தலைமறைவு இயக்கத்தின் சிறு பிரிவைக் குறிக்கும் ‘செல்’ (cell) என்ற சொல்லுக்குத் தமிழில் என்ன சொல்லலாம் என்று போன வாரம் கேட்டிருந்தேன். அதற்கு வந்த பரிந்துரைகள் எல்லாவற்றையும் படத்தின் காட்சிகளோடு வைத்துப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்காக: கில்லோ பொன்டெகோர்வோ 1966-இல் எடுத்த ‘தி பேட்டில் ஆஃப் அல்ஜியர்ஸ்’ படத்துக்குத் தமிழ் சப்டைட்டில் எழுதிக்கொண்டிருக்கிறேன். பிரெஞ்சு ஆட்சியை எதிர்த்து அல்ஜீரிய தேசிய விடுதலை முன்னணி, அல்ஜியர்ஸ் நகரின் பழைய பகுதியான கஸ்பாவின் சந்துகளில் தலைமறைவாக இயங்கியதுதான் கதை. 1957-இல் பிரெஞ்சு பாராசூட் படை நகருக்குள் வந்ததும், அதன் தளபதி கர்னல் மத்தியூ கரும்பலகையில் முக்கோணம் முக்கோணமாக வரைந்து தன் அதிகாரிகளுக்கு விளக்குவார். இயக்கத்தில் ஒருவருக்கு மூன்றே பேரைத்தான் தெரியும்: தன்னைச் சேர்த்தவர், தான் சேர்த்த இருவர். இந்த அமைப்பைச் சொல்லத்தான் சொல் தேவைப்படுகிறது.

> ‘செல்’ என்றே விடலாமே, எல்லோருக்கும் புரியும்.

புரியாது ஐயா. ‘நேற்று ஒரு செல் பிடிபட்டது’ என்று திரையில் வந்தால் பார்ப்பவர் கைப்பேசியைத்தான் நினைப்பார். அந்த வரி மறைவதற்குள் திருத்திக்கொள்ள அவருக்கு நேரமும் இருக்காது.

> இலங்கைப் பாடநூல்களில் உள்ள ‘கலம்’?

உயிரியலுக்கு அருமையான சொல். ஆனால் ‘தலைமறைவுக் கலம்’ என்றால் எனக்கு நீர்மூழ்கிக் கப்பல்தான் தெரிகிறது.

> ‘சிற்றறை’?

இந்தப் படத்தில் சிறை வருகிறது. படத்தின் நாயகன் அலி லா புவான்த் தன் சிறையறைச் சன்னல் வழியே ஒரு கைதியைத் தலைவெட்டும் கில்லட்டினுக்கு இழுத்துப் போவதைப் பார்க்கிறான். அதன் பிறகுதான் இயக்கத்துக்கு வருகிறான். பிரெஞ்சில் சிறையறைக்கும் இந்த அமைப்புக்கும் ஒரே சொல் என்பதற்காக நாமும் அந்தக் குழப்பத்தை வாங்கிக்கொள்ள வேண்டாம்.

> ‘ரகசியக் குழு’ போதும். புதுச்சொல் எதற்கு?

இதற்குத்தான் கொஞ்சம் விரிவாகப் பதில் சொல்ல வேண்டும். குழு என்றால் கூடியிருப்பவர்கள். இங்கே நடப்பது அதற்கு நேர்மாறு, கூடாமல் இருப்பதுதான் இவர்களுக்குப் பாதுகாப்பு. பிடிபட்டவர் சித்திரவதையில் 24 மணி நேரம் வாய் திறக்காமல் இருந்தால் போதும் என்பது இயக்கத்தின் உத்தரவு என்று மத்தியூவே சொல்கிறார். அதற்குள் மற்றவர்கள் இடம் மாறிவிடுவார்கள், பிடிபட்டவர் சொல்லும் தகவல் எதுவும் பிறகு உதவாது. அதன் பிறகு அவர் பேசினாலும் அவருக்குத் தெரிந்தது மூன்று பெயர்கள்தான். இந்த ‘அடுத்ததற்குப் போகவிடாத தடுப்பு’ சொல்லுக்குள் இருக்க வேண்டும். ‘குழு’வில் அது இல்லை.

‘கண்ணி’ சொன்ன அம்மாவுக்குத் தனியே நன்றி. வலையின் ஒரு கண்ணி அறுந்தாலும் மற்றவை நிற்கும் என்ற விளக்கம் பிடித்திருந்தது. ஆனால் குண்டுவெடிப்புகள் நிறைந்த படத்தில் ‘கண்ணி’ என்றதும் கண்ணிவெடி நினைவுக்கு வரும். தவிர, குண்டுகளைப் பைகளில் எடுத்துப் போகிறவர்கள் இளம்பெண்கள். அவசரத்தில் படிப்பவர் ‘கன்னி’ என்று படித்தால் பொருளே மாறிவிடும்.

என் பரிந்துரை: கணு.

மூங்கிலைப் பிளந்து பார்த்தவர்களுக்குத் தெரியும், ஒவ்வொரு கணுவும் உள்ளே அடைத்திருக்கும். மேலே ஊற்றும் தண்ணீர் கீழே இறங்காது. கரும்பிலோ முளை கணுவில்தான் இருக்கிறது. வெட்டிய கரணையை ஊன்றினால் அங்கிருந்து புதுப்பயிர் கிளம்பும். தடுப்பு, மறுமுளைப்பு இரண்டுமே இந்த அமைப்பின் குணங்கள். மத்தியூ பின்னொரு காட்சியில் நாடாப்புழுவை உவமையாகச் சொல்கிறார், தலை மிஞ்சினால் உடல் மறுபடி வளரும் என்று. ‘கணு’ என்று முன்பே சொல்லியிருந்தால் அந்த உவமை தானாகப் பொருந்திவிடுகிறது.

கணினித் துறையில் ‘கணு’ வேறு பொருளில் (node) வழங்குவது தெரியும். முதல் முறை ‘தலைமறைவுக் கணு’, அப்புறம் வெறும் ‘கணு’ என்று போனால் குழப்பம் வராது.

இன்னொன்றையும் யோசித்தேன். இந்தச் சொல்லைப் போராளியும் பேச வேண்டும், அவனை வேட்டையாடும் அதிகாரியும் பேச வேண்டும். ‘தீவிரவாதக் குழு’ என்று எழுதினால் படைத் தரப்பின் தீர்ப்பை நாமே எழுதிக்கொடுத்ததாகும். இந்தப் படத்துக்கு அது பெரிய அநீதி. தயாரிப்பாளர்களில் ஒருவரான சாதி யாசெஃப் 1957-இல் பிடிபடும்வரை அல்ஜியர்ஸில் இந்த அமைப்பை நடத்தியவர். தன்னை ஒத்த பாத்திரத்தில் அவரே நடித்தும் இருக்கிறார். ‘கணு’ எந்தப் பக்கமும் சாயவில்லை என்றே நினைக்கிறேன்.

இப்போதைக்கு எழுதி வைத்திருக்கும் வரிகள்:

‘ஒவ்வொருவருக்கும் மேலே ஒருவர், கீழே இருவர்.
இதுதான் ஒரு கணு.’

வினையில்தான் இன்னும் தயக்கம். படையினர் ஒரு கணுவைக் கண்டுபிடித்து எல்லோரையும் கைது செய்துவிட்டால் ‘கணு பிடிபட்டது’ என்பதா, ‘கணு உடைந்தது’ என்பதா? எனக்கு ‘உடைந்தது’ பிடித்திருக்கிறது. கரும்பு வெட்டும் ஊர்க்காரர்கள் யாராவது உங்கள் பக்கம் எப்படிச் சொல்வார்கள் என்று எழுதுங்கள்.

அன்புடன்.