பினாங்கு அங்காடிக் கடைகளில் அம்மாவுக்குச் சைவம் கிடைக்குமா?

உறையூர்வாசி:
வணக்கம். அக்டோபரில் அம்மாவை அழைத்துக்கொண்டு பினாங்கு போகிறேன். நான் எல்லாம் சாப்பிடுவேன். அம்மா சுத்த சைவம், முட்டையும் கூடாது. இட்லி தோசையோடு முடித்துக்கொள்ளலாம்தான், ஆனால் சாப்பாட்டுக் கடைகள் வரிசையாக இருக்கும் இடத்தில் உட்கார்ந்து பார்க்க அவருக்கே ஆசை. கெர்னி டிரைவ் போகச் சொன்னார் நண்பர். அங்கே எப்படிச் சொல்லி வாங்குவது? அம்மா நம்பிச் சாப்பிட என்ன இருக்கும்?

பட்டர்வொர்த் பொண்ணு:
நான் அக்கரையில், பட்டர்வொர்த்தில் பிறந்தவள். சின்ன வயதில் அப்பா ஃபெர்ரியில் கூட்டிப் போவார். கெர்னி டிரைவில் அவர் எனக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம், முதலில் மேசை பிடி. மேசையில் எண் இருக்கும். அம்மாவை உட்காரவைத்துவிட்டு நீங்கள் கடை கடையாகப் போங்கள். வேண்டியதையும் மேசை எண்ணையும் சொன்னால் தட்டு தேடி வரும், கொண்டுவந்தவரிடமே காசு. ஒவ்வொரு கடைக்கும் தனி முதலாளி, மொத்தமாக பில் வராது. 5, 10 வெள்ளித் தாளாக மாற்றி வையுங்கள். (ரிங்கிட்டை நாங்கள் வெள்ளி என்போம்.) குடிக்க என்ன வேண்டும் என்று கேட்க ஒருவர் தனியாக வருவார், அவரிடம் ஆளுக்கு ஒன்று சொல்லிவிடுவதுதான் மரியாதை. வெறும் 'தே' (டீ) என்றால் கட்டிப்பால் ஊற்றி இனிப்பாக வரும். பால் வேண்டாமென்றால் 'தே ஓ', சீனியும் வேண்டாமென்றால் 'தே ஓ கோசோங்'.

அம்மா விஷயத்துக்கு வருகிறேன். மதுரையிலிருந்து வந்த என் மாமியாருக்கு ஓரிடத்தில் கீரை வாங்கிக் கொடுத்தேன். கங்கோங் கீரை, பச்சைப்பசேலென்று இருந்தது. இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு, "ஏம்மா, கருவாட்டு வாடை வருதே" என்றார். பெலாச்சான். கூனி இறாலை உப்புப் போட்டுப் புளிக்கவைத்து இடித்த விழுது அது. நான் பிறந்ததிலிருந்து தின்பது என்பதால் எனக்கு மூக்கிலேயே ஏறவில்லை. அவர் ஒன்றும் சொல்லவில்லை, தட்டை மட்டும் தள்ளி வைத்தார். இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு வருத்தம்தான்.

ஆகவே 'கறி வேண்டாம்' என்று சொன்னால் போதாது. சம்பால் என்ற மிளகாய் விழுதில் பெலாச்சான் இருக்கும், சீனர் கடை மீயில் (நூடுல்ஸ்) பன்றிக் கொழுப்பு இருக்கலாம், அசாம் லக்சா என்ற புளிப்பு நூடுல்ஸின் குழம்பே மீன்தான். நம்பிக் கொடுக்கக் கூடியது செண்டோல். தேங்காய்ப் பால், பனைவெல்லம், சிவப்பு அவரை, பாண்டான் இலை வாசத்தோடு பச்சை நூல் போன்ற மாவுத் துண்டுகள், மேலே துருவிய ஐஸ். அம்மாவுக்குப் பிடிக்காமல் போகாது. 'புத்து மாயாம்' என்று கண்ணில் பட்டால் விடாதீர்கள், நம்ம இடியாப்பம்தான், தேங்காய்ப்பூவும் நாட்டுச் சர்க்கரையும் தூவித் தருவார்கள். 'அப்போம்' நம்ம ஆப்பம், ஆனால் மாவில் முட்டை சேர்ப்பவர்கள் உண்டு, கேட்டுவிடுங்கள்.

ஈப்போ அண்ணன்:
தங்கச்சி சொன்னது சரி. தம்பி, உங்களுக்கு ஒன்று: பசம்போர் (பொரித்ததை வெட்டி, காய்த் துருவலோடு குழம்பு ஊற்றித் தருவது) கடையில் பொரித்ததெல்லாம் அடுக்கியிருக்கும். ஆசைப்பட்டு இறால் வடை, கணவாய் என்று எடுத்துப் போட்டால் ஒவ்வொன்றும் கணக்கில் ஏறும். வெட்டுவதற்கு முன்னால் விலை கேளுங்கள். அப்புறம் சார் குவே தியாவ், பட்டையான அரிசி நூடுல்ஸ் வறுவல். வரிசை நீளமாக இருந்தாலும் நில்லுங்கள். நல்ல கடைக்காரர் ஒரே நேரத்தில் பல தட்டுக்குச் சேர்த்துக் கிளறமாட்டார். ஒரு தட்டுக்கான குவே தியாவ், பெருந்தீ, சட்டி ஓரத்தில் முட்டையை உடைத்து ஒரு புரட்டு, கடைசியில் குச்சாயும் (வெங்காயத்தாள் போன்ற கீரை) சிப்பியும். சிப்பி பாதி வெந்த பதத்தில்தான் இறங்கும், வயிறு ஒத்துக்கொள்ளாது என்றால் முன்னாலேயே வேண்டாமென்று சொல்லிவிடுங்கள்.

உறையூர்வாசி:
இருவருக்கும் மிக்க நன்றி. செண்டோல் இனிப்பாயிற்றே, அம்மாவுக்கு வயிறாற என்ன கொடுப்பது? கடைக்காரரிடம் மலாயில் எப்படிச் சொல்ல?

பட்டர்வொர்த் பொண்ணு:
'தாக் மாவ் தெலூர், தாக் மாவ் பெலாச்சான், தாக் மாவ் உடாங் கெரிங்.' முட்டை, பெலாச்சான், காய்ந்த இறால் மூன்றும் வேண்டாம் என்று அர்த்தம். எழுதியே காட்டலாம்.

வயிறாற என்றால் சீனர்களின் சைவச் சோற்றுக் கடைதான். பதார்த்தங்கள் வரிசையாக இருக்கும், வேண்டியதைக் கைகாட்டினால் சோற்றோடு வைத்துத் தருவார்கள். பௌத்த முறைச் சைவம் என்பதால் பூண்டு வெங்காயம்கூட இருக்காது. ஆனால் சோயாவில் மீன் மாதிரியே செய்து, தோலுக்குக் கடற்பாசி ஒட்டியிருப்பார்கள். அம்மாவிடம் முதலிலேயே சொல்லிவையுங்கள், பயந்துவிடப் போகிறார்.

அக்டோபர் என்கிறீர்களே, தேதியைப் பாருங்கள். சீன நாட்காட்டியின் ஒன்பதாம் மாத முதல் ஒன்பது நாள் ஒன்பது பேரரசர் விழா. நிறையச் சீனர்கள் அப்போது சைவம். மஞ்சள் கொடி கட்டிச் சைவக் கடைகள் தெருவெல்லாம் முளைக்கும். 2024இல் நவராத்திரியும் அதுவும் ஒரே நாளில், அக்டோபர் 3 அன்று தொடங்கின. எங்கள் வீட்டில் கொலு, வெளியே மஞ்சள் கொடி. உங்கள் பயணம் அந்த நாட்களில் விழுந்தால் அம்மா கடை கடையாக நின்று தானே கைகாட்டி வாங்கலாம். தேதி முடிவானதும் இங்கே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.